பெல்ட் சரியா இருக்குதா?

போன வாரம் எங்கள் பயிற்சி மையத்திலிருந்து ஒரு போன் வந்தது. எங்கள் மையம் என்று சொல்ல எனக்கு இப்போது உரிமை இல்லை, ஓய்வு பெற்றாகிவிட்டது. ஆனாலும் வாய் கேட்கமாட்டேன் என்கிறது. பேசியவர் என் இடத்துக்கு வந்திருக்கும் புதுப் பயிற்றுநர். தென்னை மரம் ஏறும் கருவியில் புது மாடல் வந்திருக்கிறதாம். கால் பெல்ட்டில் பழைய கொக்கியை எடுத்துவிட்டு, இழுத்தால் கிர்ரென்று இறுகுகிற பூட்டு வைத்திருக்கிறார்களாம்.

"பெல்ட்டு இவ்ளோ நல்லா இருந்தும் ஏறும்போது கால் வெளிய வருதுங்கண்ணே. என்னா பண்றதுன்னே தெரியல. வாட்ஸப்புல வீடியோ அனுப்பியிருக்கறேன், பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கருவியில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பயிற்றுநர் தம்பி தள்ளி நின்றபடி, "இறுக்கிக்கோங்க, நல்லா இறுக்கிக்கோங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏறப்போகிறவர் குனிந்து தானே பெல்ட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்து, "சரியா இருக்குதுங்க சார்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூட்டு புதுசு, பொய் மட்டும் அதே பழைய பொய்.

திருப்பிக் கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவரே, "அண்ணே, இதை எழுதிக் குடுத்துடுங்க, இங்க எல்லாரும் படிக்கட்டும்" என்றார். எழுதுகிறேன். ஆனால் ஒன்று, நடேசன் சாரை விட்டுவிட்டு இந்த பெல்ட்டைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. மாதம்மாளை விட்டுவிட்டால் எழுதவே வேண்டியதில்லை.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் அதியமான்கோட்டை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு. சேலம் ரோட்டில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சில வருடம் சுத்தியல் அடித்தேன். அதன் பிறகு விவசாயக் கருவிகளை ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மையத்தில் ஃபிட்டராகச் சேர்ந்து, பிறகு பயிற்றுநராகவும் ஆகி, அங்கேயே தலை நரைத்தேன். களை எடுக்கும் கருவி, மருந்தடிக்கும் பம்பு, மக்காச்சோளம் உதிர்க்கிற மிஷின் என்று என் கை வழியாகப் போனவை ஏராளம். அவற்றையெல்லாம் மனுஷன் பிடித்துக்கொண்டால் போதும். மரமேறும் கருவி ஒன்றுதான் மனுஷனைப் பிடித்துக்கொள்ள வேண்டியது. அதனால்தானோ என்னவோ, என் மனசும் அதிலேயே போய் மாட்டிக்கொண்டது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று என்று இரண்டு இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பி வடம் மரத்தைச் சுற்றி வந்து மாட்டிக்கொள்ளும். மேலே கைப்பிடி, கீழே பாதம் வைக்க ஒரு தட்டு. தட்டின் மேல் பாதத்தைப் பிடித்துக்கொள்ள பெல்ட், குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். பாரத்தை வலது காலில் போட்டால் வலது வடம் மரத்தைக் கவ்வும். அப்போது இடது காலையும் இடது கையையும் சேர்த்துத் தூக்கினால் இடது சட்டம் மேலே போகும். பிறகு இடது காலில் நின்று வலதைத் தூக்க வேண்டும். இப்படியே மாற்றி மாற்றி ஏறிப் போகலாம்.

சட்டத்தைத் தூக்குவது பாதத்தின் மேற்பக்கம். அதற்கும் சட்டத்துக்கும் உள்ள ஒரே உறவு அந்த பெல்ட். பெல்ட் தளர்ந்தால் கால் தனியாக மேலே வரும், சட்டம் கீழேயே நிற்கும். ஆள் ஒற்றைக் காலில் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதுதான். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு இருக்கும், கீழே விழமாட்டார்கள். ஆனால் ஒரு தடவை அப்படித் தொங்கினவர் மறுநாள் காலையில் பயிற்சிக்கு வருவாரா என்பது சந்தேகம்தான்.

நடேசன் சார்தான் எங்கள் மையத்தின் இன்ஜினியர். நல்ல கனமான உடம்பு, மெதுவான குரல். யாரையும் அதட்டிக் கேட்டதில்லை. "சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பதில் வருகிற வரைக்கும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதட்டினாலே தேவலை என்றிருக்கும். அவ்வளவு பெரிய வயிற்றை வைத்துக்கொண்டு, ஏறுகிற ஒவ்வொருவர் காலடியிலும் குந்தி உட்கார்ந்து அவரே பெல்ட் கட்டுவார். என்னைக் கூடக் கட்ட விட்டதில்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. நாமே குனிந்து நம் காலில் பெல்ட் கட்டினால், குனியும்போது கணுக்கால் மடங்குகிறது, பாதத்தின் மேற்பக்கம் புடைக்கிறது. பெல்ட் இறுகிவிட்டது போலத் தெரியும். நிமிர்ந்து நின்றதும் புடைப்பு அடங்கிவிடும், பெல்ட் தளர்ந்துவிடும். அதனால் ஏறுகிறவர் நிமிர்ந்து மரத்தைப் பார்த்து நிற்க வேண்டும், வேறொருவர் கட்ட வேண்டும். சார் கட்டி முடித்ததும் ஆள்காட்டி விரலை பெல்ட்டுக்கும் பாதத்துக்கும் நடுவில் விட்டுப் பார்ப்பார். ஒரு விரல் சிரமப்பட்டுப் போக வேண்டும். தாராளமாகப் போனால் அவிழ்த்து மறுபடியும் கட்டுவார். பிறகு காலைத் தூக்கி உதறச் சொல்வார். கடைசியாக அண்ணாந்து பார்த்து, "எப்படி இருக்குது? சொல்லுங்க" என்பார்.

எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "சரியா இருக்குதுங்க சார்."

உயிர் போகிற மாதிரி வலித்தாலும் அதுதான் பதில், கால் தனியாக ஆடினாலும் அதுதான் பதில். பெரிய ஆபீசர் ஒருத்தர் நம் காலடியில் குந்தியிருக்கிறார், எப்போது எழுந்திருப்பார் என்றுதான் எல்லாருக்கும் மனசு அடித்துக்கொள்ளும். இதில் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள் என்று எப்படிச் சொல்வது? ஆண்கள் பேட்ச்சில் சிலர், சார் தங்கள் காலைத் தொட்டதற்குப் பரிகாரமாக உடனே குனிந்து சார் காலைத் தொடுவார்கள். அதே நேரம் சாரும் எழுந்திருப்பார். மண்டையும் மண்டையும் மோதிக்கொள்ளும். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் வந்து, "ஃபிட்டர், இந்த ஜில்லாவுல யாருக்கும் கால் வலிக்கிறதே இல்லையாப்பா?" என்று கேட்பார்.

ஆண்களுக்கு அதனால் பெரிய தொந்தரவு வரவில்லை. பெல்ட்டே அவர்கள் பாதத்துக்குத்தான் அளவெடுத்து வந்தது. பெண்கள் பேட்ச் ஆரம்பித்த அன்றைக்குத்தான் சிக்கல் ஆரம்பமானது.

முதலில் நின்ற பெண்ணின் காலடியில் சார் வழக்கம்போலக் குந்தினார். அந்தப் பெண் "அய்யோ சாமி!" என்று தட்டிலிருந்து துள்ளிக் குதித்துவிட்டார். சட்டம் சரிந்து சாரின் செருப்பு மேல் விழுந்தது. "நீங்க பெரியவரு, எங்க காலத் தொடக் கூடாதுங்க. பாவமுங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த பெண் தட்டில் ஏறவே இல்லை. புடவை மேல் ஆண்கள் சட்டையும் கீழே பேண்டும் போட்டுக்கொண்டு, ஊர் சிரித்தாலும் பரவாயில்லை என்று துணிந்து வந்த பெண்கள் அவர்கள். மரத்தின் உயரம் அவர்களை ஒன்றும் செய்யவில்லை. காலைத் தொடுவதுதான் பெரிய மலையாக நின்றது.

சார் என்னிடம் யோசனை கேட்டார். தொடாமலே பெல்ட்டை இழுக்க முனையில் கொக்கி வைத்து நீளமாக ஒரு கம்பி செய்து கொடுத்தேன். சார் ஸ்டூலில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர் மாதிரி இழுத்துப் பார்த்தார். பெல்ட்டைத் தவிர எல்லாவற்றிலும் கொக்கி மாட்டியது. ஒரு பெண்ணின் கொலுசில் மாட்டி அதை அறுத்தும் விட்டது. அன்று சாயங்காலமே அந்தக் கம்பியைப் பட்டறை மூலையில் போட்டேன். கடைசியில் பெண்களே ஒருத்தருக்கொருத்தர் கட்டிக்கொள்வது என்று முடிவானது. பெரும்பாலும் நடந்தது. மாதம்மாளுக்கு மட்டும் நடக்கவில்லை.

மாதம்மாள் வத்தல்மலை அடிவாரத்தில் ஒரு ஊர்க்காரர். நாற்பதை ஒட்டிய வயசு. ஒல்லியான உடம்பு, ரொம்பச் சின்னப் பாதம். செருப்புக் கடையில் பிள்ளைகள் அளவுதான் எடுப்பாராம். அவருடைய வீட்டுக்காரர் பெருமாள் பரம்பரையாக மரம் ஏறுகிறவர். காலில் தளைக் கயிறு மாட்டிக்கொண்டு, கருவி எதுவும் இல்லாமல் ஏறுவார். சுற்றிலும் உள்ள தோப்புக்காரர்கள் வேறு யாரையும் கூப்பிட மாட்டார்கள். ஒரு மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்டதிலிருந்து அவரால் குனிய முடியாது. கம்பை ஊன்றிக்கொண்டு நடப்பார், உட்காரவும் எழவும் ஆள் வேண்டும்.

டீ குடிக்கிற நேரத்தில் மாதம்மாள் என்னிடம் சொன்னார்: "தோப்புக்காரங்க நல்லவங்கதானுங்க. ஆடி முடியற வரைக்கும் மரத்த வேற ஆளுக்கு வுட மாட்டோம்னு சொல்லியிருக்கறாங்க. ஆனா மிஷின் வச்சிருக்கற பசங்க ரெண்டு பேரு வந்து கேட்டுக்கிட்டே இருக்கறாங்க. எனக்கு இந்த மிஷின் கெடைச்சிட்டா மரம் எங்க வூட்டுலயே இருக்கும். இல்லன்னா பெங்களூரு போயி கல்லு மண்ணு தூக்கணும். நான் போயிட்டா இந்த மனுசனக் கையப் புடிச்சி எழுப்பி வுடறதுக்கு ஆரு இருக்காங்க, சொல்லுங்க?"

பயிற்சியில் தேறினவர்களுக்குத்தான் கருவி. தேறுவதென்றால் கடைசி நாள் ஒரு மரத்தில் தனியாக ஏறி, ஒரு குலை வெட்டி இறக்க வேண்டும்.

முதல் தடவை பாதி மரத்தில் அவருடைய இடது கால் பெல்ட்டை விட்டு வெளியே வந்தது. இடுப்புக் கயிற்றில் தொங்கினார், இறக்கினோம். எல்லாரும் பயம் என்றார்கள். "பயமெல்லாம் இல்லீங்க, கால் தானா வந்துடுச்சி" என்றார். சட்டத்தைக் கழற்றிப் பட்டறையில் வைத்துப் பார்த்தேன். வடம் நன்றாக இருந்தது, தட்டு வளையவில்லை, கொக்கி தேயவில்லை. பெல்ட்டின் கடைசி ஓட்டையிலும் அவர் பாதத்துக்குத் தளர்வாக இருந்ததால், உள்பக்கமாக ஓட்டைகள் போட்டேன். நைலானில் சும்மா ஓட்டை போட்டால் நூல் பிரியும், அதனால் சூடு காட்டிய கம்பியால் குத்தினேன். பெல்ட்டுக்கு அடியில் வைக்க லாரி ட்யூப் ரப்பரை வெட்டிக் கொடுத்தேன். வேர்வை பட்டதும் அது வழுக்கியது. அதை எடுத்துவிட்டுப் பழைய துணியை மடித்துத் தைத்து வைத்தேன்.

கூட இருந்த விஜயா என்ற பெண்தான் அவருக்குக் கட்டிவிடுவார். "போதுமாக்கா?" என்பார். "போதும் கண்ணு, சரியா இருக்குது. எந்திரி, எந்திரி" என்பார் மாதம்மாள். இரண்டாவது தடவையும் கால் வெளியே வந்தது.

அன்று நடேசன் சார் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். சார் வருத்தப்பட்டுப் பேசி நான் பார்த்த வெகு சில தடவைகளில் அது ஒன்று. "அம்மா, மூணாவது தடவ கால் வெளிய வந்தா நான் உங்கள மரத்துல ஏத்த மாட்டேன். உங்களுக்கு மிஷின் குடுத்து அனுப்பிட்டு நான் வீட்டுல நிம்மதியா தூங்க முடியாது. அங்க உங்களுக்குக் கயிறு புடிக்க நாங்க இருக்க மாட்டோம்" என்றார். மாதம்மாள் தலையை ஆட்டினார். "கட்டும்போது எப்படி இருந்துச்சி? உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டார் சார். "சரியாத்தானுங்க சார் இருந்துச்சி" என்றார் அவர், கண் கலங்க.

அவர் போன பிறகு சார் வெகுநேரம் அந்த பெல்ட்டையே கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "அந்தம்மா பொய் சொல்லுது ஃபிட்டர். பொய்யின்னு அதுக்கே தெரியல, அதுதான் கஷ்டம்" என்றார்.

கடைசி நாள் காலையில் மாதம்மாளோடு பெருமாளும் வந்தார். ஷேர் ஆட்டோவிலிருந்து அவரை இறக்கவே இரண்டு ஆள் தேவைப்பட்டது. கம்பை ஊன்றி நேராக சாரிடம் போனார். "சார், இவளுக்குக் கால் வெளிய வருதுன்னு ராத்திரியெல்லாம் பொலம்பறா. நான் ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க. சரியில்லன்னா கூட்டிக்கிட்டுப் போயிடறேன். எனக்கு ஆனது போதுமுங்க, அவளுக்கும் ஆக வேணாம்" என்றார். சார், "பாருங்க" என்றார்.

மாதம்மாள் தட்டில் நின்றார். விஜயா குந்தி பெல்ட்டைக் கட்டினார். "போதுமாக்கா?" "போதும் கண்ணு, எந்திரி."

"எங்க போதும்?" என்றார் பெருமாள், தூரத்திலிருந்தே. "தளை கட்டுனா கால்ல ஏறி உக்காரணும். அது சும்மா தொட்டுக்கிட்டு நிக்கிது. வுடு புள்ள, நான் கட்டறேன்."

"ஏங்க, நீங்க எப்படி குனிவீங்க? வேணாங்க" என்றார் மாதம்மாள். அவர் கேட்கவில்லை. நானும் சாரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி, அவரை மரத்தடி மண்ணில் காலை நீட்டி உட்கார வைத்தோம். உட்காருவதற்குள் அவர் முகம் வலியில் சுருங்கிப் போனது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, மனைவியின் இடது காலை இரண்டு கையாலும் பிடித்தார்.

மாதம்மாள் காலை இழுத்துக்கொண்டார். "எல்லாரும் பாக்குறாங்க, என்னாங்க இது."

"கல்யாணத்தன்னிக்கி ஊரே பாக்கத்தான் இந்தக் காலப் புடிச்சி மெட்டி போட்டேன். அன்னிக்கி எங்க போச்சி ஒன் வெக்கம்?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மாதம்மாளும் சிரிப்பை அடக்க மரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பெருமாள் பெல்ட்டைப் பிடித்து ஒரு இழு இழுத்தார்.

"யோவ்! வலிக்குதுய்யா!"

அதுவரைக்கும் வந்த 'ஏங்க'வெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எங்க வலிக்குது?"

"மேல, எலும்பு மேல. கொஞ்சம் கீழ எறக்கு. கீழன்னா அவ்ளோ கீழயா? வெரலுக்கா கட்டற? ம், அங்கதான். இப்ப இழு. இழுய்யா, காலையில சோறு தின்னியா இல்லையா?"

"இப்ப?"

"குதிகால் ஆடுது. பின்னால இருக்கறதயும் சேத்து இழு. அய்யோ, அவ்ளோ வேணாம், மரத்துப் போவுது. ஒரு ஓட்ட வுட்டுப் போடு."

சட்டென்று நாங்கள் நிற்பது ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார். நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாகக் குந்திக் குந்திக் கேட்டும் கிடைக்காத பதிலெல்லாம் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தது. "ஃபிட்டர், கேட்டீங்களா?" என்றார் மெதுவாக. "நிறுத்தாதீங்கம்மா, திட்டுங்க, நல்லா திட்டுங்க" என்றார் மாதம்மாளிடம்.

அப்போதுதான் தெரிந்தது, அவருடைய இடது பாதத்தின் மேடு வலதைவிடத் தாழ்வு. வலது காலுக்கு பெல்ட் நிற்கிற இடத்தில் இடது காலுக்கு நிற்காது, இன்னும் கொஞ்சம் விரல் பக்கமாக இறங்கி நிற்க வேண்டும். விஜயாவிடம் சொல்லியிருந்தால் விஜயா செய்திருப்பார். விஜயா காலடியில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நொடியும் மாதம்மாளுக்குக் கூச்சம். புருஷனிடம் என்ன கூச்சம்? அடுத்த பேட்ச்சிலிருந்து, பெல்ட் கட்டும் நாளுக்கு வீட்டிலிருந்து யாராவது ஒருத்தரைக் கூட்டி வரச் சொல்லிவிட்டார் சார். "யாரக் கூட்டி வரட்டுங்க?" என்று கேட்டால், "வாய் கூசாம திட்டற மாதிரி யாரு இருக்காங்களோ அவங்கள" என்பார். அக்காவும் தங்கையும் வந்தார்கள், மாமியாரை அழைத்து வந்த மருமகளும் உண்டு. அந்த மாமியார் மருமகளுக்குக் கட்டிவிட்ட பெல்ட் மாதிரி கச்சிதமான ஒன்றை நான் பிறகு பார்க்கவில்லை.

இதைத்தான் தம்பிக்கு போனில் சொன்னேன். பூட்டை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை, கட்டுகிற ஆளை மாற்றிப் பாருங்கள்.

மாதம்மாள் அன்று ஏறத் தொடங்கினார். பெருமாளால் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்க்க முடியாது. "என்னயப் படுக்க வைங்க" என்றார். தோப்பு மண்ணில் துண்டை விரித்து மல்லாக்கப் படுக்க வைத்தோம். பாதி மரம் ஏறினதும் மேலேயிருந்து சத்தம் வந்தது: "யோவ், மட்ட விழுந்துடும், தள்ளிப் படு!" மறுபடியும் தூக்கித் தள்ளிப் படுக்க வைத்தோம். கால் வெளியே வந்த இடத்தைத் தாண்டினார். இடது, வலது, இடது, வலது. மரத்தின் கொண்டைக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் நின்றுவிட்டார். கை நீட்டினால் மட்டையைத் தொட்டுவிடலாம்.

"சார்!"

"சொல்லுங்க" என்றார் நடேசன் சார்.

மேலேயிருந்து மாதம்மாளின் குரல் கேட்டது. "எடது கால் பெல்ட்டு சரியா இல்லீங்க சார். தளருது. நான் எறங்கறனுங்க."

மெதுவாக, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி வந்தார். தட்டைத் தொட்டுப் பார்த்தேன். பெல்ட்டுக்கு அடியில் நான் தைத்து வைத்திருந்த துணி வேர்வையில் ஊறி ஒரு பக்கமாகச் சுருண்டிருந்தது. இன்னும் நான்கு எட்டு வைத்திருந்தால் கால் வந்திருக்கும். மாதம்மாளின் முகம் செத்துப் போயிருந்தது. "மூணாவது தடவையும் ஆயிடுச்சிங்க" என்றார்.

"கால் வெளிய வந்துச்சா?" என்று கேட்டார் சார்.

"வரலீங்க. வர்றதுக்கு முன்னயே எறங்கிட்டேன்."

"அப்ப நீங்க பாஸ்."

மாதம்மாளுக்குப் புரியவில்லை. "காய் வெட்டவே இல்லீங்களே சார்?"

"காய் இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி வெட்டுவீங்க. சரியா இல்லன்னு மேல நின்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் பாஸ். உங்க வூட்டுக்கு மிஷின் வரும்."

படுத்திருந்த பெருமாள், "காய் வெட்டாம என்னாங்க சார் பாஸு?" என்று முனகினார். மாதம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்க, வெட்டிட்டுத்தான் போவேன். அண்ணே, அந்தத் துணிய மாத்திக் குடுங்க" என்றார் என்னிடம். என் தோள் துண்டு கெட்டி நெசவு. அதைக் கிழித்து மடித்து, விளிம்பைச் சுற்றித் தையல் போட்டுக் கொடுத்தேன். பெருமாளை எழுப்பி உட்கார வைக்கலாம் என்று போனால், அவர் கையை ஆட்டிவிட்டார். முதுகு பிடித்துக்கொண்டது, அசைய முடியவில்லை.

மாதம்மாள் தட்டில் ஏறி நின்றார். விஜயா முன்னால் வந்தார். அவரைக் கையமர்த்திவிட்டு, மாதம்மாள் சாரைப் பார்த்தார்.

"சார், நீங்க கட்டி வுடறீங்களா? சரியில்லன்னா நான் சொல்றனுங்க."

நடேசன் சார் கிட்டே வந்தார். வேட்டி கட்டியிருந்தால் மடித்துக் கட்டியிருப்பார், பேண்டை முட்டிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு அந்தக் காலடியில் குந்தினார். அந்தச் சின்னக் கால் இந்தத் தடவை நகரவில்லை.

"இறுக்குங்க சார்."

இழுத்தார்.

"இன்னும் கொஞ்சம். அங்கில்லீங்க சார், கீழ. ஆங்... பின்னாலயும் இழுங்க. இல்லீங்க சார், பத்தல."

சார் மறுபடியும் அவிழ்த்துக் கட்டினார். விரலை விட்டுப் பார்த்தார். அண்ணாந்து, "இப்ப சொல்லுங்க" என்றார்.

மாதம்மாள் காலைத் தூக்கி உதறினார். அவசரப்படாமல் இரண்டு தடவை உதறிப் பார்த்தார்.

"சரியா இருக்குதுங்க சார்."

எத்தனையோ பேர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டவன் நான். முழுசாக நம்பியது அன்றைக்குத்தான்.

ஏறிப் போனார். கொண்டைக்குள் கை விட்டு, அரிவாளை எடுத்து, ஒரு குலையை வெட்டிக் கயிற்றில் இறக்காமல் அப்படியே கீழே விட்டார். தரை அதிர விழுந்தது. பெண்கள் கூச்சல் போட்டார்கள். சார் அப்பால் திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பெருமாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மல்லாந்து கிடந்த அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை வரவில்லை, என் கையால் துடைத்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மேலே பார்த்தபடி, தனக்குத்தானே சொல்வது போல மெதுவாகச் சொன்னார்:

"மரமெல்லாம் நம்ம வூட்டுலயே இருக்குது, புள்ள."